பி.எம்.ஆர். மேற்படிப்பு எடுக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது: "மருத்துவப் படிப்பு முடியப் போகிறது. மேற்படிப்புக்கு உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வு, அதாவது பி.எம்.ஆர். எடுக்கலாம் என்று ஒரு யோசனை. பிசியோதெரபி பண்ணவா இத்தனை வருஷம் டாக்டருக்குப் படிச்சே என்று வீட்டில் கேட்கிறார்கள். இந்தத் துறையில் டாக்டர் என்னதான் செய்கிறார்? வாழ்க்கை எப்படி இருக்கும்?"

உங்கள் வீட்டார் கேட்டதை இந்தத் துறையில் இருக்கிற எல்லோரும் கேட்டிருக்கிறோம். என்னோடு படித்த டாக்டர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனவே அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பிசியோதெரபிஸ்ட் வேறு, நாங்கள் வேறு. மேல் கீழ் என்று சொல்லவில்லை. ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட் நோயாளியைக் கட்டிலிலிருந்து எழுப்பி உட்கார வைக்கிற லாவகம் எனக்குக் கைவராது. என் வேலை வேறு இடத்தில் இருக்கிறது. பக்கவாதம் வந்து மூன்று மாதமான ஒருவரின் முழங்கை மடங்கியே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் மடங்கி நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் முதல் வேலை. மூளையிலிருந்து வரும் கட்டுப்பாடு போனதால் தசை முறுக்கேறி நிற்கிறதா? அதற்கு ஸ்பாஸ்டிசிட்டி என்று பெயர். தசையும் மூட்டுறையும் சுருங்கியே போய்விட்டனவா? தோள் வலிக்குப் பயந்து அவரே கையை ஒடுக்கிக்கொள்கிறாரா? மூட்டைச் சுற்றி எலும்பு வளர்ந்திருக்கிறதா? சில நேரம் காரணம் கையிலேயே இருக்காது. சிறுநீர்த் தொற்று ஒன்று வந்தாலே உடம்பு முழுக்க இறுக்கம் கூடிவிடும்.

கையில் பிடித்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். முழங்கையை மெதுவாக நீட்டிப் பாருங்கள், பிறகு வேகமாக. மெதுவாக நீட்டும்போது முழுக்க வந்துவிட்டு, வேகமாக நீட்டும்போது பாதி வழியில் வெடுக்கென்று பிடித்தால் அது ஸ்பாஸ்டிசிட்டி. எப்படி நீட்டினாலும் ஒரே இடத்தில் கதவு தாழிட்ட மாதிரி நின்றால் அது சுருக்கம். முதலாவதற்கு மாத்திரையோ போட்டுலினம் டாக்ஸின் ஊசியோ உதவும். இரண்டாவதற்கு எத்தனை ஊசி போட்டாலும் பிரயோஜனமில்லை, படிப்படியாக மாவுக்கட்டுப் போட்டு நீட்டவேண்டும் அல்லது அறுவை சிகிச்சைக்கு அனுப்பவேண்டும். அந்த டாக்ஸின் ஊசி சில நாளில் வேலை செய்ய ஆரம்பித்து, ஒரு மாத வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று மாத அளவில் மங்கிவிடும். இடையில் கிடைக்கிற அந்த அவகாசத்தில் தெரபிஸ்ட் உழைத்தால்தான் பலன். ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் மருந்துக் கம்பெனிக்கு மட்டும்தான் லாபம்.

இதுவரை சொன்னது மற்ற மருத்துவத் துறைகளைப் போலத்தான் இருக்கிறது. நோயைக் கண்டுபிடி, மருந்து கொடு. இந்தத் துறை எங்கே பிரிகிறது என்று எனக்குப் புரிந்தது ஒரு தவறு செய்த பிறகுதான்.

பயிற்சியின் இரண்டாம் வருடம். நடுத்தர வயதுக்காரர் ஒருவர், தண்டுவடக் காயம், இரண்டு கால்களும் விறைப்பு. ஸ்பாஸ்டிசிட்டியை அளக்க ஆஷ்வொர்த் என்று ஓர் அளவுகோல் உண்டு, பூஜ்யத்திலிருந்து நான்கு வரை. அவருக்கு மூன்று இருந்தது. விறைப்பைக் குறைக்கிற பாக்லோஃபென் மாத்திரையை நான் படிப்படியாக ஏற்றினேன். இரண்டு வாரத்தில் மூன்று ஒன்றாக இறங்கியது. குறிப்பேட்டில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன். மறுநாள் காலை அவருடைய மனைவி என்னைத் தேடி வந்தார். "சார், முன்னாடி காலை ஊன்றி எழுந்து நாற்காலிக்கு மாறிக்குவாரு. இப்ப கால் துணி மாதிரி இருக்கு. ரெண்டு பேர் தூக்க வேண்டியிருக்கு. எங்க வீட்ல நான் ஒருத்திதான்."

அவர் அந்த விறைப்பின் மேல்தான் நின்றுகொண்டிருந்தார். நான் அதை வைத்தியம் பார்த்து எடுத்துவிட்டேன். அளவுகோலில் இரண்டு புள்ளி முன்னேற்றம், ஆனால் மனிதர் தானாகக் கழிப்பறைக்குப் போவது நின்றுபோனது. மருந்தைக் குறைத்தோம், அடுத்த வாரம் பழையபடி எழுந்தார். என் மூத்த பேராசிரியர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "விறைப்பு அவருக்குத் தொந்தரவா இருக்குன்னு யார் சொன்னது, அவரா நீயா?"

இந்தத் துறையின் சாரம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இங்கே நோய்க்கு எதிரே வைத்துப் பார்க்கவேண்டியது ஸ்கேன் படத்தை அல்ல, அந்த மனிதரின் ஒரு நாளை. உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட ஐ.சி.எஃப். என்ற வகைப்பாடு இதையே முறைப்படுத்திச் சொல்கிறது. உடம்பில் என்ன கெட்டிருக்கிறது, அதனால் எந்தச் செயல் முடியவில்லை, அதனால் வாழ்க்கையின் எந்தப் பகுதியில் கலந்துகொள்ள முடியவில்லை, சுற்றுப்புறம் உதவுகிறதா தடுக்கிறதா என்று தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறது. படிக்கும்போது அலுப்பூட்டும் பாடம். வார்டில் அந்த மாதிரி ஒரு மனைவி வந்து நின்றால் புரியும்.

துறை எப்படிப் பிறந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது, வீட்டில் பதில் சொல்லவும் உதவும். ஃபிராங்க் க்ரூஸென் என்ற அமெரிக்க மருத்துவர் அறுவை சிகிச்சைக்குத்தான் போக இருந்தார். காசநோய் வந்து சானடோரியத்தில் படுத்தவர், நோய் குணமாகிறவர்களும் படுத்தே பலவீனமாகிப் போவதைப் பார்த்தார். 1936-இல் மேயோ கிளினிக்கில் இந்தத் துறைக்கான பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். இந்தத் துறை டாக்டருக்கு 'ஃபிசியாட்ரிஸ்ட்' என்ற பெயரை முன்மொழிந்ததும் அவர்தான், 1938-இல். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது கை கால் இழந்தும் தண்டுவடம் அடிபட்டும் திரும்பிய இளைஞர்கள் ஏராளம், போலியோ வேறு. 1947-இல் அமெரிக்காவில் தனித் துறையாக அங்கீகாரம் வந்தது.

இங்கிலாந்தில் நடந்ததுதான் எனக்குப் பிடித்த கதை. அந்தக் காலத்தில் தண்டுவடம் முறிந்தவர் பிழைப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலோர் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் சில மாதங்களில் இறந்தார்கள். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன் 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். அவர் கொண்டுவந்தது புது மருந்தல்ல. இரவு பகல் பாராமல் இரண்டு மணிக்கு ஒரு தடவை நோயாளியைத் திருப்பிப் போடுவது, சிறுநீர்ப்பையைச் சுத்தமாகக் கவனிப்பது, சீக்கிரம் எழுப்பி உட்கார வைத்து ஏதாவது வேலை கொடுப்பது. ஆட்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களைச் சும்மா விடவில்லை. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். பாராலிம்பிக் அங்கிருந்துதான் வளர்ந்தது.

இன்னொரு பெயர் மேரி வர்கீஸ். 1954-இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த இளம் மருத்துவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் இந்தத் துறையின் முன்னோடி ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு நிலையத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் இந்தத் துறையைக் கட்டி எழுப்பினார். 'இனி இவரால் என்ன முடியும்' என்று நோயாளியைப் பார்த்து நினைக்கத் தோன்றும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

சரி, அன்றாட வேலைக்கு வருவோம். பக்கவாதம், தலைக்காயம், தண்டுவடக் காயம், கை கால் நீக்கப்பட்டவர்கள், பெருமூளை வாதமுள்ள குழந்தைகள், நரம்பு தசை நோய்கள், நாள்பட்ட வலி, விளையாட்டுக் காயம், புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு தளர்ந்தவர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் கிடந்தவர்களும் இப்போது நம்மிடம் வருகிறார்கள். கற்றுக்கொள்கிற கைவேலையும் நிறைய: நரம்புக் கடத்தல் சோதனை, தசையில் ஊசி வைத்துப் பார்க்கும் இ.எம்.ஜி., அல்ட்ராசவுண்ட் பார்த்து மூட்டிலும் நரம்பருகிலும் போடும் ஊசிகள், செயற்கைக் கால், தாங்கு கருவி, சக்கர நாற்காலி ஆகியவற்றை ஆளுக்கேற்ப எழுதிக் கொடுப்பது. பயிற்சிக் காலம் நாட்டுக்கு நாடு மாறும், பொதுவாக மூன்று நான்கு வருடம். அதற்குப் பிறகு குழந்தைகள், தண்டுவடம், மூளைக்காயம், வலி, விளையாட்டு மருத்துவம் என்று உட்பிரிவுகளுக்கும் போகலாம்.

பட்டியலைப் பார்த்தால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் என்று தோன்றும். உள்ளே எவ்வளவு நுணுக்கம் என்று காட்ட ஒரு உதாரணம் போதும். உங்கள் கையைத் தளர்வாக விட்டு மணிக்கட்டைக் கீழே தொங்கவிடுங்கள். விரல்கள் விரியும். இப்போது மணிக்கட்டை மட்டும் மேலே தூக்குங்கள். விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கமாக வந்து ஒட்டும். கழுத்தின் ஆறாவது நரம்பு மட்டம் வரை வேலை செய்கிற, அதற்குக் கீழே எதுவும் இல்லாத ஒருவருக்கு இதுதான் பிடி. விரலை மடக்கும் தசை செத்துவிட்டது, ஆனால் மணிக்கட்டைத் தூக்கும் தசை இருக்கிறது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு கரண்டி பிடிக்கலாம், பல் துலக்கலாம், பேனா பிடிக்கலாம். டெனோடெசிஸ் பிடி என்போம்.

இந்தப் பிடி அமைய, விரல்களை மடக்கும் தசைநாண்கள் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கவேண்டும். ஆனால் பக்கத்தில் இருக்கிற அம்மாவோ அண்ணனோ பாசத்தில் என்ன செய்வார்கள்? மடங்கிய விரலைப் பார்த்தால் மனம் கேட்காது, மணிக்கட்டையும் விரலையும் சேர்த்து நாள் முழுக்க நீட்டி நீட்டி விடுவார்கள். ஆறே மாதத்தில் விரல்கள் அழகாக நேராக இருக்கும், பிடி போய்விடும். அதனால் முதல் வாரத்திலேயே வீட்டாரை உட்கார வைத்து, மணிக்கட்டு மேலே இருக்கும்போது விரலை மடக்கி வையுங்கள், விரலை நீட்டும்போது மணிக்கட்டைக் கீழே விடுங்கள் என்று சொல்லிக் கொடுத்துவிடுவோம். ஐந்து நிமிட வேலைதான். அது நடந்ததா இல்லையா என்பதில் ஒருவர் தன் கையால் சாப்பிடுவதும் மற்றவர் ஊட்டிவிடுவதும் இருக்கிறது.

அவசரமே இல்லாத துறை, ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். மற்ற சில துறைகளோடு ஒப்பிட்டால் உண்மைதான், குடும்பத்தோடு சாப்பிட நேரம் கிடைக்கும். ஆனால் முழு உண்மையல்ல. தண்டுவடம் மார்பின் ஆறாவது நரம்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவருக்கு ராத்திரி திடீரென்று மண்டையைப் பிளக்கிற தலைவலி, முகமெல்லாம் வியர்வை. ரத்த அழுத்தம் 150. டியூட்டியில் இருக்கிற அனுபவமில்லாத டாக்டருக்கு 150 பெரிதாகத் தெரியாது, தலைவலி மாத்திரை எழுதிவிட்டுப் போவார். ஆனால் இவர்களுடைய வழக்கமான அழுத்தமே 100 பக்கம்தான் இருக்கும். இது ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா: காயத்துக்குக் கீழே ஏதோ ஒரு தொந்தரவு, மூளையின் கட்டுப்பாடு இல்லாமல் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. விட்டால் வலிப்பு, மூளையில் ரத்தக் கசிவு வரை போகலாம். முதல் வைத்தியம் மருந்தில் இல்லை. ஆளை நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், சிறுநீர் டியூபை மேலிருந்து கீழே வரை கையால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் எங்காவது மடங்கியிருக்கும், அல்லது தொடைக்கு அடியில் மாட்டியிருக்கும். விடுவித்ததும் சிறுநீர் ஓடும், அழுத்தம் இறங்கும். டியூபில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த சந்தேகம் மலச்சிக்கல். அப்படியும் அழுத்தம் இறங்காவிட்டால்தான் மருந்து. பழைய நோயாளிகள் இதை டாக்டரைவிட நன்றாகவே தெரிந்து வைத்திருப்பார்கள், அவர்கள் சொல்வதைக் கேட்கிற டாக்டர் பிழைத்தார்.

குழுவைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் துறையைப் பற்றிப் பேச முடியாது. வாரத்துக்கு ஒரு கூட்டம். பிசியோதெரபிஸ்ட், அன்றாடச் செயல்களைப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், செயற்கை உறுப்பு செய்பவர், நர்ஸ், மனநல ஆலோசகர், சமூகப் பணியாளர் எல்லோரும் உட்காருவார்கள். பேசித் தீராத விஷயம் எதுவுமில்லை என்று நினைக்காதீர்கள், சண்டையும் வரும். நடக்க வைத்துவிடலாம் என்பார் ஒருவர், நோயாளியின் வீட்டில் படி ஏறித்தான் கழிப்பறை என்பார் இன்னொருவர். நீங்கள் தலைமை நாற்காலியில் இருந்தாலும், நோயாளியோடு அதிக நேரம் இருப்பவர் நீங்கள் அல்ல. இது சிலருக்கு உறுத்தும். நான் சொன்னதுதான் நடக்கவேண்டும் என்ற சுபாவம் உள்ளவர்கள் இங்கே வந்து தாங்களும் கஷ்டப்பட்டு மற்றவர்களையும் கஷ்டப்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

கஷ்டமான பகுதி ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. "டாக்டர், நான் நடப்பேனா?" இந்தக் கேள்வி வாரத்துக்கு இரண்டு தடவையாவது வரும். அறுவை சிகிச்சை செய்தவர் 'போகப் போகப் பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டு அடுத்த அறுவைக்குப் போயிருப்பார். பதில் சொல்லவேண்டியது நீங்கள். தண்டுவடக் காயத்தில் பதிலின் பெரும்பகுதி நாம் பார்க்கக் கூச்சப்படுகிற ஓர் இடத்தில் இருக்கிறது. ஆசனவாயைச் சுற்றித் தொடுவதும் குத்துவதும் தெரிகிறதா, உள்ளே விரலின் அழுத்தம் உணர்கிறாரா, இறுக்கச் சொன்னால் இறுக்குகிறாரா. இவற்றில் ஒன்றாவது இருந்தால் காயம் முழுமையானதல்ல, வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. எதுவுமே இல்லையென்றால் கணக்கு வேறு. இந்தச் சோதனையைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டு நம்பிக்கை கொடுப்பதும் நம்பிக்கையைப் பறிப்பதும் இரண்டுமே தவறு. பதிலை ஒரே நாளில் முழுக்கக் கொட்டவும் வேண்டாம். நான் பெரும்பாலும் திருப்பிக் கேட்பேன்: "நடந்து எங்கே போகணும்?" சிலர் வேலைக்கு என்பார்கள், சிலர் மாடிக்கு. ஒரு பையன் 'யாரும் என்னைத் தூக்கக் கூடாது, அவ்வளவுதான்' என்றான். அந்தப் பதிலை வைத்துத்தான் திட்டம்.

செயற்கைக் காலிலும் இதே கதை. தொடைக்கு மேலே கால் நீக்கப்பட்டவர் செயற்கைக் காலோடு நடக்க, சாதாரண ஆளைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். இதயம் பலவீனமான முதியவருக்குப் பளபளப்பான காலை எழுதிக் கொடுப்பது சுலபம், வீட்டாரும் சந்தோஷப்படுவார்கள். மூன்றாம் மாதம் அது கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும். அவருக்கு நல்ல சக்கர நாற்காலியே சரியான வைத்தியமாக இருக்கலாம், ஆனால் அதைச் சொன்னால் 'டாக்டர் கைவிட்டுட்டார்' என்பார்கள்.

வருமானம், மரியாதை. பெரிய அறுவை செய்கிற துறைகளின் அளவுக்கு வருமானம் பெரும்பாலான இடங்களில் வராது. ஊசி போடுகிற வலி சிகிச்சைப் பக்கம் போனால் நன்றாகவே வரும், அதனால் பலர் பயிற்சி முடித்ததும் அந்தப் பக்கம் ஒதுங்கிவிடுகிறார்கள். அது தப்பில்லை, ஆனால் அதற்காக மட்டும் இந்தத் துறைக்கு வருவதாக இருந்தால் வலி மருத்துவத்துக்கு வேறு வழிகளும் இருக்கின்றன, யோசியுங்கள். வாழ்நாள் முழுக்க 'நீங்க என்ன டாக்டர்?' என்ற கேள்விக்கு மூன்று வாக்கியம் சொல்ல வேண்டியிருக்கும், பழகிவிடும். வேலைக்குப் பஞ்சம் வராது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மறுவாழ்வு சிகிச்சையால் பயன்பெறக்கூடிய உடல்நிலையில் இருப்பவர்கள் உலகில் சுமார் 240 கோடிப் பேர். முதியவர்கள் கூடுகிறார்கள், விபத்திலும் பக்கவாதத்திலும் பிழைப்பவர்கள் கூடுகிறார்கள். பிழைத்தவர்கள் அடுத்து வந்து நிற்பது நம் வாசலில்தான்.

யார் எடுக்கவேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். காலையில் கெட்டிருந்ததை மாலைக்குள் சரிசெய்துவிட்டுப் போனால்தான் தூக்கம் வரும் என்கிறவர் வேண்டாம். இங்கே ஒருவர் சட்டைப் பொத்தானைத் தானே போட ஆறு வாரம் ஆகும், அந்த ஆறு வாரமும் நீங்கள் அவர் முகத்தைத் தினமும் பார்க்கவேண்டும். நரம்பு, எலும்பு, சிறுநீர்ப்பை, மனம் என்று எல்லாவற்றிலும் கால் வைக்கப் பிடிக்காதவருக்கும் அலுக்கும். மதிப்பெண் குறைவாக வந்ததால் கிடைத்த இடம் என்று வருகிறவர்களைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு கருத்தும் இல்லை. நானும் அப்படி வந்தவன்தான்.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். இரண்டு வாரம் லீவு போட்டு ஒரு மறுவாழ்வு வார்டில் போய் நில்லுங்கள். புறநோயாளிப் பிரிவில் வேண்டாம், அங்கே முதுகுவலிதான் தெரியும். வார்டில் ஒரே நோயாளியை முதல் நாளும் பதினான்காம் நாளும் பாருங்கள். இடையில் ஒரு நாள் நீங்களே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் கல்லூரியில் வகுப்பு, கேன்டீன், கழிப்பறை என்று சுற்றி வாருங்கள். செயற்கைக் கால் செய்கிற பட்டறையில் ஒரு மதியம் இருங்கள், மாவுக்கட்டில் அச்செடுப்பதையும், மிச்சக் கால் நுழைகிற சாக்கெட் எந்த இடத்தில் அழுத்துகிறது என்று தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பதையும் கவனியுங்கள். இடம் தேர்ந்தெடுக்கும்போது அங்கே படிக்கிறவர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள். துறைக்கென்று சொந்தப் படுக்கைகள் எத்தனை? இ.எம்.ஜி. நீங்களே செய்கிறீர்களா, இல்லை நரம்பியலுக்கு அனுப்புகிறீர்களா? நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அவரை யார், எப்போது பார்க்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால், வேறு கல்லூரி பாருங்கள்.